விலை கூடினால் வலிமை கூடுமா?

"இது கார் சமாச்சாரம், ஆண்கள் படிக்க வேண்டியது" என்று நினைத்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரை ஓட்டுவது யாராக இருந்தாலும், அதற்கு ஊற்றும் பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அரிசிக்கும் பருப்புக்கும் பிள்ளையின் பள்ளிச் சப்பாத்துக்கும் எடுத்து வைக்கும் அதே பணத்திலிருந்துதானே வருகிறது? அப்படியிருக்க, பெட்ரோல் நிலையத்தில் மஞ்சள் குழாயைத் தூக்குவதா, பச்சைக் குழாயைத் தூக்குவதா என்பது நம் சமையலறைக் கேள்வியும்தான்.

மஞ்சள் குழாயில் வருவது ரோன் 95. பச்சைக் குழாயில் வருவது ரோன் 97. இரண்டுக்கும் எண்ணில் இரண்டுதான் வித்தியாசம். விலையிலோ ஒரு வெள்ளிக்கும் மேலே. இந்த இரண்டுக்காக எங்கள் குடும்பத்தில் அப்பாவும் மகனும் மூன்று மாதம் சரியாக முகம் பார்த்துப் பேசவில்லை என்றால் நம்புவீர்களா? நடந்தது அதுதான்.

நான் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் பாடம் சொல்லிக் கொடுத்து, ஓய்வு பெற்று, இப்போது சிரம்பானில் குடியிருக்கிறேன். கார் பந்தயத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நம் மாநில எல்லையை அடுத்த சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஆண்டுதோறும் உலகப் பந்தயக் கார்கள் ஓடியபோதும் நான் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் சண்டை என்று வந்துவிட்டால், அத்தைக்காரி ஒதுங்கி நிற்க முடியுமா?

ஒரு வீடு, இரண்டு கார்

என் அண்ணன் தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போய்வந்தே முடி நரைத்துவிட்டது. ஓய்வுப் பணத்தில் ஒரு மைவி வாங்கினார். அந்தக் காரைத் தம் கையால்தான் கழுவுவார். வேறு யாரும் தொடக்கூடாது. அதற்கு அவர் ஊற்றுவது எப்போதும் ரோன் 97. "வயசான காலத்துல நம்மள எங்கெல்லாம் கொண்டு போய்ச் சேர்க்குது! அதுக்குச் சத்தானதா ஊத்தக் கூடாதா, தங்கச்சி?" என்பார்.

அவர் மகன், என் மருமகன், செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். நல்ல பையன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் கார் மீது ஒரு பித்து. ஜப்பானில் ஓடி, இங்கே இறக்குமதியாகி, அதற்குப் பிறகும் இரண்டு கை மாறிய ஒரு டர்போ கார் அவன் கண்ணில் பட்டது. பத்து வயதைத் தாண்டிய கார்தான். ஆனாலும் சீறிக்கொண்டு பாயக்கூடிய சாதி. முன்பணத்துக்கு அவனிடம் இருந்தது போதவில்லை. அண்ணி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக்கடையில் வைத்துக் கொடுத்தார். கணவரிடம் சொல்லவில்லை. பிறகு தெரிந்தபோது வீட்டில் எழுந்த புயலை நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலருக்கு அந்தப் புயல் பழக்கமானதுதான்.

மாதத் தவணை கட்டுவதற்கே மூச்சு முட்டியது. ஆகவே மகன் என்ன செய்தான்? எண்ணெய்ச் செலவையாவது குறைக்கலாம் என்று அந்தச் சீறும் காருக்கு ரோன் 95 ஊற்றினான். அப்பாவுக்குத் தன்னால் காரைக் காப்பாற்ற முடியும் என்று காட்ட வேண்டுமே!

பார்த்தீர்களா வேடிக்கையை? சாது மாதிரி ஓடும் மைவிக்கு 97. சீறும் குதிரைக்கு 95. அப்பா மகனைப் பார்த்து, "தகுதிக்கு மீறின கார வாங்கிட்டு எண்ணெய்ல மிச்சம் புடிக்கிறான்" என்றார். மகன் அப்பாவைப் பார்த்து, "மைவிக்குப் போய் யாராச்சும் 97 ஊத்துவாங்களா? காசைத் தண்ணியா இறைக்கிறாரு" என்றான். சொன்னது இருவருமே சரிதான். ஆனால் ஒருவர் சொல்லை மற்றவர் காதில் வாங்கவில்லை.

பழக்கம் எங்கிருந்து வந்தது?

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. நம் நாட்டில் நடுத்தர வயதைத் தாண்டிய எல்லாருக்கும் 97 என்பதுதான் "சாதாரண" எண்ணெய். 2009 வரை இங்கே விற்றவை ரோன் 92, ரோன் 97 என்ற இரண்டுதான். இரண்டுக்கும் விலையில் சில காசுதான் வித்தியாசம் என்பதால் பெரும்பாலோர் 97ஐயே ஊற்றினார்கள். யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

2008 ஜூன் 5ஆம் தேதி நினைவிருக்கிறதா? ஒரே இரவில் ரோன் 97 லிட்டர் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஏறியது. முதல் நாள் இரவு சிரம்பானில் பெட்ரோல் நிலையங்களுக்கு வெளியே ஒரு மைல் நீளத்துக்கு வரிசை. அடுத்த ஆண்டு, 2009 செப்டம்பரில், ரோன் 95 அறிமுகமாகி, 92 படிப்படியாக மறைந்தது. "இந்தப் புது எண்ணெய் இஞ்சினைக் கெடுத்துவிடும்" என்று அப்போது எத்தனை பேச்சு! 2010 ஜூலையில் 97க்கு இருந்த அரசாங்க உதவித்தொகை நீங்கி, அது உலகச் சந்தை விலையோடு ஏறி இறங்க ஆரம்பித்தது. அன்று பிரிந்த வழிதான். 95 மக்கள் எண்ணெய் ஆனது. 97 வசதி படைத்தவர் எண்ணெய் ஆனது. "விலை கூடியது, ஆகவே உயர்ந்தது" என்ற எண்ணமும் நம் மனத்தில் அப்போதுதான் ஆழமாக வேர் விட்டது.

எண்ணுக்கு என்ன பொருள்?

இனி வாத்தியாரம்மாவின் பாடம் கொஞ்சம். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

இஞ்சினுக்குள் நடப்பது என்ன? காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை அழுத்துகிறது. பத்துப் பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே! அந்த நேரம் பார்த்து ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தட்டுகிறது. தீ பிளக்கில் தொடங்கி, ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கார் ஓடுகிறது.

சில வேளை, தீ வந்து சேருவதற்கு முன்பாகவே, மூலையில் நெருக்குண்டு கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் போமன்மார் "நாக்கிங்" என்பார்கள். முன்பெல்லாம் லயத்து வாசலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஓர் உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? முறை தவறாமல் விழுந்தால் மாவு இடிபடும். ஒருத்தி முறைக்கு முந்திப் போட்டுவிட்டால் உலக்கையோடு உலக்கை மோதும். கை அதிரும். இஞ்சினுக்குள் அந்த மோதல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் பிஸ்டன் தாங்குமா?

முறை வரும் வரை பொறுத்திருக்கும் குணம் எந்தப் பெட்ரோலுக்கு எவ்வளவு என்று சொல்வதே இந்த எண். ஆக்டேன் எண் என்பார்கள். 1926இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலர் இதற்கு அளவுகோல் வகுத்தார். ஐசோ ஆக்டேன் என்ற திரவம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், அதற்கு 100. ஹெப்டேன் என்ற திரவம் சட்டென்று வெடித்துவிடும், அதற்கு 0. 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்படிப் பொறுமை காட்டுமோ, அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோல் ரோன் 95. அவ்வளவுதான்.

இங்கேதான் நம்மில் பலர் தடம் மாறிப் போகிறோம். அந்த எண் சத்தின் அளவு அன்று. சக்தியின் அளவும் அன்று. ஒரு லிட்டர் 95இல் இருக்கும் எரிசக்தியும் ஒரு லிட்டர் 97இல் இருக்கும் எரிசக்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்புக்குத் தென்னை மட்டையும் வைக்கலாம், ரப்பர் விறகும் வைக்கலாம். மட்டை சட்டென்று பற்றிக்கொள்ளும், விறகு நிதானமாகப் பிடிக்கும். எது வேண்டும் என்பது அடுப்பைப் பொறுத்தது. மிதமாக அழுத்தும் இஞ்சினுக்கு 95இன் பொறுமையே போதும். போதுமான பொறுமை இருக்கும்போது மேலும் பொறுமையை விலைக்கு வாங்கி என்ன பயன்?

ஆனால் டர்போ பொருத்திய சீறும் கார்கள் வேறு வகை. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே சுழன்று, அதிகக் காற்றை இஞ்சினுக்குள் திணிக்கும் ஒரு பம்பு. காற்று கூடினால் அழுத்தம் கூடும், சூடு கூடும். அதைத் தாங்க எண்ணும் கூட வேண்டும். டர்போ என்றாலே 97தான் என்றும் எண்ணிவிட வேண்டாம். 95ஐ வைத்துக்கொண்டே சமாளிக்கும்படி செய்த டர்போ கார்களும் இன்று நம் சாலையில் ஏராளம். எதற்கு எது என்று செய்தவனைத்தான் கேட்க வேண்டும்.

இந்த எண்ணை உயர்த்த மனிதன் ஒரு காலத்தில் எடுத்த குறுக்கு வழி என்ன தெரியுமா? ஈயம்! 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் நாக்கிங் நிற்கிறது என்று கண்டார். உலகமே அதைக் கலந்து எரித்தது. ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நம் நாட்டில் தொண்ணூறுகளில் ஈயமில்லாத பெட்ரோல் பரவியது. கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021இல்தான். சாலையோரத்து லயங்களில் நாம் எத்தனை காலம் அந்தப் புகையைச் சுவாசித்தோம் என்று நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

இப்போது சுத்திகரிப்பு ஆலையிலேயே பெட்ரோலின் அமைப்பை மாற்றி எண்ணை உயர்த்துகிறார்கள். அதற்குச் செலவு கூடுதல். 97இன் விலைக்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஆலைகளைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. நம் போர்ட்டிக்சனிலேயே 1960களின் தொடக்கத்தில் ஷெல்லும் எஸ்ஸோவும் ஆளுக்கொன்று கட்டின. எஸ்ஸோ ஆலை 2012இல் பெட்ரோன் கைக்கு மாறியது. ஷெல் ஆலையின் பெரும்பங்கை 2016இல் சீனாவின் ஹெங்யுவான் வாங்கியது. லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, இரவில் அந்த ஆலைகளின் உயர்ந்த குழாய் முனையில் எரியும் நெருப்பு நன்றாக நினைவிருக்கும். சிறு வயதில் அதைக் காட்டித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டுவார்கள்.

மூடியில் இருந்த எழுத்து

கோலாப்பிலாவில் ஒரு கல்யாணம். மருமகன் காரில் அண்ணியும் நானும் போனோம். அண்ணன் தம் மைவியில் தனியாக வந்தார். புக்கிட் பூத்துஸ் மேட்டில் கார் ஏறும்போது இஞ்சினிலிருந்து ஒரு சத்தம். பால் டின்னில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கினாற்போல் கலகலவென்றது. மருமகன் காலைச் சற்றுத் தளர்த்தினால் நிற்கும், மிதித்தால் மறுபடியும் வரும். "எப்ப இருந்துப்பா இப்படி?" என்று கேட்டேன். "மேடு ஏறினா மட்டும்தான் அத்தை. எண்ணெயும் முன்னைக்கு இப்ப கூடத்தான் குடிக்குது" என்றான்.

மறு வாரம் சிரம்பானில் எங்களுக்குப் பழக்கமான போமனிடம் காரை விடச் சொன்னேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "என்ன எண்ணெய் ஊத்துற தம்பி?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, உட்பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு சிறு தாளைக் காட்டினார். ஜப்பானிய எழுத்து. மருமகன் அதைத் தினமும் பார்த்திருக்கிறான். ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டான். முன்பு வைத்திருந்த இருவரும் அப்படித்தான் விட்டிருப்பார்களோ என்னவோ!

அவனோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி ஜப்பானியக் கம்பெனியில் பயிற்சி பெற்றவள். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினான். "ஈயமில்லாத உயர்தரப் பெட்ரோல் மட்டும்" என்று படித்துச் சொன்னாள். ஜப்பானில் சாதாரணப் பெட்ரோல் என்றால் ஏறக்குறைய 90. உயர்தரம் என்றால் தரநிர்ணயப்படி 96க்குக் குறையக்கூடாது, கடைகளில் பெரும்பாலும் 100 வரை விற்கிறது. ஆங்கிலத்தில் சொல்லும் ஹை ஆக்டேனை அவர்கள் சுருக்கி "ஹைஒக்கு" என்பார்களாம். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "ஐயோக்கு! பேருக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்றார். மூன்று மாதத்தில் அப்பாவும் மகனும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்படியானால் 95 ஊற்றியும் கார் எப்படி ஓடியது? இன்றைய கார்களில் நாக்கிங்கைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு கருவி இருக்கிறது. மோதல் தொடங்கினால், பொறி தட்டும் நேரத்தைக் கணினி சற்றுத் தள்ளிப்போடும். இஞ்சின் தப்பும், ஆனால் இழுவை குறையும், குடிக்கும் எண்ணெய் கூடும். பாரம் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது கணினியாலும் ஓரளவுக்குத்தான் தடுக்க முடியும். மருமகன் லிட்டருக்கு மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இப்படியே ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. "ஆறு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா பிஸ்டனுக்குக் காசு தேடியிருப்ப" என்றார் போமன்.

காகிதத்தில் போட்ட கணக்கு

அன்று மாலை மேசையில் உட்கார்ந்து, அப்பா மகன் இருவரையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 30ஆம் தேதி புடி95 திட்டம் எல்லாருக்கும் தொடங்கியபோது, தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்றும், மாதம் 300 லிட்டர் வரை என்றும் நிர்ணயித்தார்கள். 97க்கு அந்தச் சலுகை இல்லை. அதன் விலை அப்போது மூன்று வெள்ளியைத் தாண்டியிருந்தது. கணக்குக்கு 3 வெள்ளி 20 காசு என்று வைப்போம். நீங்கள் போடும்போது அன்றைய விலையை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 160 லிட்டர் ஓடும் கார். ரோன் 95 என்றால் 318 வெள்ளி 40 காசு. ரோன் 97 என்றால் 512 வெள்ளி. வித்தியாசம் 193 வெள்ளி 60 காசு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் மட்டுமே ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு!

மருமகன் காகிதத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கார் விலை, தவணை, இன்சூரன்ஸ், ரோட்டேக்ஸ் எல்லாம் கேட்டு வாங்கியவன், அது என்ன குடிக்கும் என்று யாரையும் கேட்கவில்லை. விற்கிறவர்களும் சொல்லவில்லை. பசுமாடு வாங்குகிறவன்கூட அது தின்னும் தீனியைக் கேட்காமல் வாங்க மாட்டான்.

அண்ணனுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். "அடுத்த மாசம் முழுக்க 95 ஊத்துங்க அண்ணே. எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர்னு ஒவ்வொரு தடவையும் எழுதுங்க. அதுக்கு அடுத்த மாசம் 97 ஊத்தி எழுதுங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்." லோரி ஓட்டிய காலத்தில் பயணப் புத்தகம் எழுதிப் பழகியவர் அல்லவா? ஒரு நாள் தவறாமல் எழுதினார். இரண்டு மாதத்துக்கும் வித்தியாசம் பெயருக்குக்கூட இல்லை. சத்தமும் இல்லை, இழுவையும் குறையவில்லை. அதற்குப் பிறகு மஞ்சள் குழாய்க்கு மாறினார். "என் கண்ணால பார்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். வாயால் சொல்லி மாற்ற முடியாத மனிதரை ஒரு நோட்டுப் புத்தகம் மாற்றியது.

சிவப்பு கார்டுத் தாத்தா

இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுத் தாத்தா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியும், தம் பழைய மோட்டாரில் போய்ப் பங்களா வீடுகளில் புல் வெட்டுகிறவர். "டீச்சரம்மா, எனக்கு எந்த விலைம்மா?" என்று கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி, செம்பனை வெட்டி, பேரன் பேத்தி எடுத்தவர். பிறப்பைப் பதிய வேண்டிய காலத்தில் பதியாமல் விட்டார்கள். இன்றுவரை நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. 1 வெள்ளி 99 காசு குடிமகனுக்குத்தான். திட்டம் தொடங்கியபோது சலுகையில்லாத ரோன் 95 லிட்டர் 2 வெள்ளி 60 காசு. அவர் மோட்டாருக்கு நான்கு லிட்டர் ஊற்றினால் 2 வெள்ளி 44 காசு கூடுதல். பெரிய தொகையா என்று கேட்காதீர்கள். அது அவர் ஒரு வேளை குடிக்கும் தேத்தண்ணீர்க் காசு. அதற்கும் மேலே, குழாய்க்கு முன்னால் நின்று, "நான் இந்த ஊர்க்காரன் இல்லையா?" என்று ஒவ்வொரு தடவையும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதற்கு விலை போட முடியுமா?

உங்கள் தோட்டத்திலும் தாமானிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். பத்திரம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் அவரைக் கூட்டிக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். பெட்ரோல் சலுகையை விடப் பெரிய காரியம் அது.

நீங்கள் செய்ய வேண்டியது

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காருக்கு எது? பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். என்னையும் கேட்காதீர்கள். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். இல்லையென்றால் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். 95 என்று இருந்தால் 95 ஊற்றுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள். நம் நாட்டு பெரோடுவா, புரோட்டோன் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பிற நாட்டுக்கென்று செய்து இங்கே வந்த காராக இருந்தால், மூடியில் உள்ள எழுத்து புரியவில்லை என்று விட்டுவிடாமல், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

"கட்டாயம்" என்று எழுதியிருப்பதற்கும் "சிறந்தது" என்று எழுதியிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 97 கட்டாயம் என்றால் அதில் பேரம் பேசாதீர்கள். 97 சிறந்தது, 95உம் போதும் என்றால், சற்று இழுவை குறையலாம், மற்றபடி ஆபத்தில்லை.

அவசரத்துக்கு 97 கிடைக்கவில்லை என்றால் 95 ஊற்றிக்கொண்டு, மேட்டில் அழுத்தி மிதிக்காமல் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். இரண்டையும் கலந்தால் இஞ்சின் வெடித்துவிடும் என்பது வெறும் புரளி. பாதிக்குப் பாதி கலந்தால் எண் நடுவில் நிற்கும், அவ்வளவுதான். மேடு ஏறும்போது கலகலவென்று சத்தம் வந்தால் வானொலியைச் சத்தமாக வைத்து மறைக்காதீர்கள். போமனிடம் காட்டுங்கள். கரி படிந்த பழைய இஞ்சினிலும் இந்தச் சத்தம் வரும். அதற்கு மருந்து சுத்தம் செய்வதுதான்.

முக்கியமாக, மகனோ மகளோ கார் வாங்கப் போகும்போது, தவணை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எது குடிக்கும், எவ்வளவு குடிக்கும்?" என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடகுக்கடைக்குப் போவது உங்கள் சங்கிலிதானே!

மருமகனைப் பற்றிக் கேட்பீர்கள். காரை அவன் விற்கவில்லை. விற்றாலும் கடன் முழுதாக அடையாது. இப்போது வேலைக்கு அப்பாவின் பழைய மோட்டாரில் போகிறான். டர்போ கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிறது. ஊற்றுவது 97தான். அண்ணியின் சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது. ஆனால் வட்டியைத் தவறாமல் அவனே கட்டுகிறான். ஓவர்டைம் காசில் மாதம் கொஞ்சம் தனியாக ஒரு டின்னில் போட்டு வைக்கிறான். அந்த டின் எங்கே இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரியும், தெரியாதது போல் இருக்கிறார்.

தோட்டத்தில் பிறந்த நமக்கு ஓர் ஏக்கம் உண்டு, வாசகர்களே. நமக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், விலை கூடியதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று துடிக்கிறோம். பால்மாவு டின்னிலும் அப்படித்தான், டியூஷனிலும் அப்படித்தான், பெட்ரோலிலும் அப்படித்தான். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன், வாங்கிக்கொள்வதற்கு அது தேவையா என்று ஒரு தடவை கேட்டுவிடுவோமே! 95 போதும் என்று எழுதியிருக்கும் இடத்தில் 97 வேண்டாம். 97 கேட்கும் இடத்தில் 95ஐ வைத்து ஏமாற்றவும் வேண்டாம். மிச்சமாகும் காசுக்கு நம் வீடுகளில் வேலையா இல்லை?